மஞ்சள் குண்டூசி

மேஜை ஆடினால் தப்பாக நினைக்க வேண்டாம், என் கால்தான். உங்கள் விசாரணை தொடங்கியதும் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. உங்கள் நாற்காலியும் அவ்வளவு வாகாக இல்லை. உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று என் மனைவி திட்டாத நாளில்லை.

உயர்கல்வித் திட்டக் குழுவுக்கு நான் செயலர். மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் அத்தனையும் என் அறைச் சுவரில் வரைபடமாகத் தொங்கின. பச்சைக் குண்டூசி குத்தினால் கல்லூரிக்கு நிதி போகும். சிவப்பு குத்தினால் மூடிவிட்டு, பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு மாற்றுவோம். மஞ்சள் என்றால் பரிசீலனை. முடிவாகும்வரை அங்கே ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாது. மூடினாலும் மூடப்போகிற இடத்தில் யாராவது காசைக் கொட்டுவார்களா? அந்த விதியை எழுதியவன் நான். நல்ல விதி.

இருபதாண்டுத் தொலைநோக்குத் திட்டத்தை அமைச்சர் முன்னால் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆற்றோரக் கல்லூரியின் முதல்வரம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

“இருபது வருசம் கழிச்சு வர்றதெல்லாம் பிரமாதம் சார். எங்க பொண்ணுங்க கக்கூசுக்குக் கதவு எந்த வருசம் வருது?”

அரங்கமே சிரித்தது. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், நியாயமான கேள்விதானே. என் கால் ஆட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அந்தக் கல்லூரிக்கு மஞ்சள் குத்தினேன்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் பொதுப்பணித்துறைப் பொறியாளர் போன் செய்தார். “சார், லேப் கூரை அடுத்த மழைக்கு நிக்காது.” கேட்டுக்கொண்டேன். முதல்வரம்மா ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார். முடிவெடுக்கும் முன்பே வகுப்பை நிறுத்தினால் பரிசீலனைக்கு என்ன மரியாதை? உடனே திறக்கும்படி உத்தரவு அனுப்பினேன். அவரே நேரில் வந்தார். உட்காரச் சொல்ல எனக்கு மறந்துபோயிற்று.

“பச்சை வேணாம் சார், சிவப்பே குத்திடுங்க. காலேஜ் போனாப் போகுது, புள்ளைங்க வேற கட்டடத்துக்குப் போயிடும். இப்படி மஞ்சள்ல வச்சுக் கொல்லாதீங்க. அன்னிக்குப் பேசினதுக்கு வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“சேச்சே, அதை நான் அப்பவே மறந்துட்டேம்மா. பரிசீலனையில இருக்கு, பாக்கலாம்.”

சிவப்பும் பச்சையும் என் இழுப்பறையில்தான் கிடந்தன. எதை எடுத்துக் குத்தியிருந்தாலும் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவசரப்படுவது திட்டமிடலுக்கு அழகல்ல.

மழை தவறாமல் வந்தது. வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பிள்ளைகள். முதல்வரம்மா உயிரோடுதான் இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லையாம்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம். விழும் என்று தெரிந்துதான் திறக்கச் சொன்னேன். வஞ்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொய்யாகிவிடும்.

கூரை விழுந்த அன்று சாயங்காலம் மஞ்சளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

“என்னங்க, அதிசயமா இருக்கு? இன்னிக்குக் காலே ஆடல.”

“மனசுல ஒண்ணும் வச்சுக்காதவனுக்கு ஏன்டி ஆடப்போவுது?” என்றேன்.