பஸ் அலை

— உங்க சைக்கிள் பாதையக் கொஞ்சம் பாருங்க மேடம். இன்னா ஓடுது அதுல? சைக்கிளா?

— தண்ணி ஓடுதுக்கா. இந்தப் பாதை விஷயமா ஒண்ணு சொல்லத்தான் நான்...

— நீ சொல்லாத, நான் சொல்றேன். ஒரு மாசமா நீங்க கார்ப்பரேஷன்காரங்க போட்ட இந்தக் கல்லுங்க என் வாசலை மறிச்சிக்கினு கீது. அந்தாண்ட பஸ்ஸு, இந்தாண்ட சைக்கிளு, நடுவுல உங்க கல்லு. எவன் போறான் இதுல? பால்காரன் ஒருத்தன், அப்பால ஸ்கூல் புள்ளைங்க.

— அவங்களை பஸ் இடிக்கக் கூடாதுன்னுதான் இப்படி வரைஞ்சேன். மேடம்லாம் வேணாம்க்கா, என் பேரு ஜுவேரியா.

— என் பேரு தங்கம். பேருலதான் கீது, கழுத்துல குந்துமணி கூட இல்ல. என் வூட்டைப் பாத்தியா? ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு நாங்க பள்ளத்துக்குப் போய்ட்டோம். உள்ள என் பொண்ணு கீர்த்தி, பச்ச ஒடம்புக்காரி. கட்டில் போட எடம் ஏது? கொயந்தைய வெச்சிக்கினு தரையிலதான் படுத்துங்கீறா.

— மழைத்தண்ணி உள்ள வந்துடுமா?

— மழைத்தண்ணி மெதுவா வரும், பழைய துணிய வெச்சி அடைச்சிக்கலாம். பஸ்ஸுதான் எமன். அது போனா மெரினாவுல எழறாப்புல ஒரு அலை எழுந்து, வாசப்படியத் தாண்டி உள்ள பூரும். போன மழைல அரிசி, பாயி, அடுப்பு எல்லாம் மிதந்துச்சு.

— பஸ் அலை வீட்டுக்குள்ள வருமா? எங்க வீடு திருவல்லிக்கேணில, மாடிக்கா. எனக்கு இது தெரியவே தெரியாது.

— மாடில குந்திக்கினு ரோடு வரைஞ்சா இன்னா தெரியும்? இப்ப உன் கல்லு வேற, தண்ணிய வடிய வுடாது. அத்தப் போட்டப்பறம் இன்னிக்குத்தான் மொத மழை.

— நடுநடுவுல சந்து விட்டிருக்கேன்க்கா. அது வழியா வடியும்.

— பூனை பூரற சந்து. அத்த... தோ, வருது பாரு மந்தவெளி பஸ்ஸு. கீர்த்தி, கொயந்தையத் தூக்கு. தூக்குடி சீக்கிரம்.

— அக்கா, படில நிக்காதீங்க. மேல வாங்க.

— அலை எழுந்திச்சு. கல்லாண்ட வந்திச்சு...

— அக்கா.

— பேசாத. இரு.

— பார்த்தீங்களா?

— எங்க போச்சு அது? இடுப்பு உசரம் எழுந்துச்சே.

— கல்லுல மோதி உடைஞ்சிடுச்சுக்கா. மிச்சமும் சைக்கிள் பாதையிலயே படுத்துடுச்சு.

— கீர்த்தி, உள்ள வந்துச்சா?... ஒரு சொட்டு இல்லன்றா.

— பின்னாடியே இன்னொரு பஸ் வருதுக்கா.

— வரட்டும், பாக்கறேன். கீர்த்தி, கொயந்தைய இன்னும் கீழ வுடாத... மோதிச்சு பாரு. திரும்பிப் போவுது பாரு ஜுவேரியா. நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்ததுலேந்து இந்த ரோட்டுலதான் கீறேன். பஸ்ஸு அலை திரும்பிப் போயி இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— என்னாலயே நம்ப முடியலக்கா.

— உனக்கு இன்னா? தெரிஞ்சிதான போட்ட?

— அல்லா மேல ஆணையா இல்லக்கா. சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு தடுப்பு வேணும், அவ்ளோதான் என் மனசுல இருந்துச்சு. தண்ணிய நான் நினைக்கவே இல்ல.

— நினைக்காமலே இப்டியா? தே, முட்டி உசரம் கூட இல்ல இது. இத்துக்குப் போயி அம்மாம் பெரிய அலை அடங்குது. கீர்த்தி, கொயந்தையப் பாயில போட்டு நீயும் படு. எத்தினி பஸ்ஸு வந்தாலும் எழுந்திருக்காத, நான் சொல்றேன்.

— குழந்தை முழிச்சிடுச்சா?

— எங்க முழிச்சுது? வாயில வெரலப் போட்டுக்கினு தூங்குது. இந்தக் கல்லத் தொட்டுப் பாரு கண்ணு. வெள்ளிக்கெழம இத்துக்கு மஞ்ச குங்குமம் வெக்கப் போறேன், எவன் சிரிச்சாலும் சரி. உள்ள வா, டீ போடறேன். இந்த மழைல யாருக்குக் காத்துக்கினு கீற?

— லஸ் கார்னர் பக்கத்துலேந்து ஒரு மஞ்ச விளக்கு வருதே, அதுக்குத்தான்.

— கிரேன் வெச்ச லாரியாட்டம் கீது. அது இன்னாத்துக்கு?

— இந்தக் கல்லையெல்லாம் பேர்த்து எடுக்கக்கா. வேணவே வேணாம்னு போன வாரம் உங்க தெருவே ஆபீசுக்கு வந்து நின்னுச்சே. இன்னிக்கு உத்தரவு வந்துடுச்சு, நான்தான் லாரிய வரச் சொன்னேன்.