அதே ஷேடு

"எம்பொண்ணும் இந்தப் புக்குல இருக்கிற பொண்ணும் ஒரே ஷேடுக்கா!"

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் கத்தினாள். கம்பெனியில் ஷூ தோலுக்கு நிறம் பார்க்கும் ஷேடு கார்டை எடுத்துப் புத்தகப் படத்தின்மேல் வைத்துக் காட்டினாள்.

"டார்க் பிரவுன். கரெக்டா இருக்குது பாருங்க."

அவள் பக்கத்துச் சீட்டு அக்கா புத்தகத்தை வாங்கினாள். "யாரு எழுதினது?"

"ஆப்பிரிக்காக்காரம்மா. அவங்களும் கறுப்புதான், பின்னாடி போட்டோ இருக்குது. தமிழ்லயே வந்திருக்குது."

"கதை இன்னா?"

"அந்தப் பொண்ணு குதிரை ஓட்டுது, மலை ஏறுது. கலரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லக்கா! எம்பொண்ணு நாலு வாட்டி படிச்சிட்டா. இன்னைக்குத்தான் மொத தடவையா பவுடர் அப்பாம ஸ்கூலுக்குப் போய்ட்டா."

"நான் எடுத்துட்டுப் போறேன்டி."

"உங்க பொண்ணு செவப்பாச்சே?"

"அவளுக்கு இன்னாத்துக்கு? எனக்குடி!"