காணாமல் போன மாப்பிள்ளை

“காணாமப் போன மாப்பிள்ளை அங்கனயேதான் இருந்திருக்காரு, காக்கா.”

ராமேஸ்வரம் பஸ் மண்டபத்தைத் தாண்டும்போது, முன் சீட்டில் மடியில் லேப்டாப்புடன் இருந்த பெண் தன் அண்ணனிடம் சொன்னாள். அவருக்கு ஏர்வாடியில் போட்டோ ஸ்டூடியோ என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

“நெசமாவா? நிக்காஹ் படம் பூராவுமா? பொண்ணோட வாப்பா ரெண்டு நாளா துபாய்லருந்து போன் அடிக்கிறாரும்மா. நேர்லதான் வர முடியல, படத்தையாச்சும் காட்டுங்கன்னு.”

“பூராவும் இருக்கு. நம்ம சர்வர்ல லிஸ்ட் கேட்டா நூறு நூறாத்தான் வரும். முதல் நூறு வந்ததும் நூத்தியொண்ணுலருந்து கேக்கும். அந்த இடைவெளியில முதல் நூறுல பத்துப் படத்தை யாரோ அழிச்சிருக்காங்க. அதுக்குப் பின்னால இருந்த பத்து நிக்காஹ் படமும் முதல் நூறுக்குள்ள நகந்துருச்சு, லிஸ்ட் அதுகளை விட்டுட்டுப் போயிருச்சு. அந்த அரைகுறை லிஸ்டையே எல்லாக் கம்ப்யூட்டர்லயும் காட்டிக்கிட்டு இருந்துச்சு.”

“இப்ப?”

“நம்பரை விட்டுட்டு, கடைசியா வந்த படத்தோட பேருக்கு அடுத்தது எதுன்னு கேக்க வச்சுட்டேன். இனி யாரு எதை அழிச்சாலும் மத்தது விட்டுப்போகாது.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். படங்கள் பஸ்ஸிலிருந்தே துபாய்க்குப் போயின.

“அழிச்சது எந்தக் கம்ப்யூட்டர்னும் பாத்தேன், காக்கா. உங்களோடதுதான். என்ன படம் அது?”

பாம்பன் பாலம் வந்துவிட்டது. அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க.”

“கல்யாண வேலையில ஒரு வாய் திங்கலன்னு சொல்லி, உன் மதினிய அன்னைக்கு ராத்திரி சமைக்க வச்சுட்டேன். கூட வந்த ஸ்டூடியோ பய படம் எடுத்துத் தொலைச்சிருக்கான். பந்தியில வச்ச மூணு சஹன் தட்டுப் பிரியாணியிலயும் என் கைதான் இருக்கு.”