கழுவிய டப்பாவும் பத்தொன்பது நொடிகளும்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, தயாரிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

படத்தொகுப்பாளர் கத்திரி அண்ணனிடம் ஏழு வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். அவரை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது நம் கொலைப்படம். குளிர்பதனக் கிடங்கில் ஒரு தொழிலாளிப் பெண் கொல்லப்படுகிறாள். கொன்றவன் மேற்பார்வையாளன். கிடங்கில் நாற்பது பேருக்கும் அது தெரியும். நாற்பது பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இருட்டான படம் என்று எழுதினார்கள். அந்த இருட்டு எங்கே இருந்தது? கத்தியிலா? வேலை போய்விடும் என்று மூடிக்கொண்ட வாய்களிலா?

செத்தவளின் சாப்பாட்டு டப்பாவை அவள் தங்கை கழுவும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். இயக்குநர் 'கட்' சொன்னது குழாய்ச் சத்தத்தில் அந்த நடிகைக்குக் கேட்கவில்லை. ஒளிப்பதிவு உதவியாளரும் கேமராவை நிறுத்த மறந்துவிட்டார். அவள் கழுவிய டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுகிறாள். பத்தொன்பது நொடி.

"அண்ணே, 'கட்' சொல்லியாச்சு. இதுக்கு மேல வேஸ்ட்" என்று படத்தொகுப்பு அறையில் அண்ணனிடம் சொன்னேன்.

"அவரு சொன்னாரு. அந்தப் பொண்ணுக்குக் கேக்கலையே. பேசாம உக்காரு."

தயாரிப்பாளர் ஐயா, நீங்களும் கேட்டீர்கள்: "கொலைக்கு எட்டு நொடி, டப்பா கழுவ பத்தொன்பதா? பாத்திரம் வெளக்குறதப் பாக்கவாய்யா தியேட்டருக்கு வர்றாங்க?"

அண்ணன் திரும்பக்கூட இல்லை. "உங்க வீட்ல யாரு வெளக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

செத்தது ஒரு உடல் அல்ல, தினமும் டப்பா கட்டிக்கொண்டு வேலைக்குப் போன ஒருத்தி என்று அந்தக் காட்சியில்தான் அரங்கத்துக்கு உறைத்தது.

மறுவெளியீட்டுக்காக அந்தப் பத்தொன்பது நொடியை எடுத்துவிட்டுக் கொலையை நீட்டச் சொன்னார்கள். அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். நான் எடுத்தேன். ஆமாம் தோழர்களே, நான்தான்.

போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். அண்ணி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஸ்பூனை விலக்கிவிட்டுக் கேட்டார்: "டப்பா இருக்காடா?"

"இருக்குண்ணே."

"அப்ப சரி" என்று வாயைத் திறந்தார்.

படத்தில் வாயை மூடிக்கொண்ட நாற்பது பேரைத் திட்டித் திட்டித்தான் அவரிடம் தொழில் கற்றேன். நாற்பத்தோராவது ஆள் நான்தான்.

அண்ணி, என்னை மன்னியுங்கள். தயாரிப்பாளர் ஐயா, நாளை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பத்தொன்பது நொடியை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கப்போகிறேன். என்னை வேலையை விட்டு அனுப்புவதென்றால் ஒன்பதுக்கு முன்னால் அனுப்புங்கள். அண்ணனிடம் சொன்ன பொய்யை உண்மையாக்க எனக்கு வேறு வழியில்லை.

இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம். ஒரு நிமிடமெல்லாம் வேண்டாம், பத்தொன்பது நொடி போதும். அதுவரை யாரும் 'கட்' சொல்லாதீர்கள்.