விழுந்தப்போ தட்டின கை

— பாகிஸ்தானுக்கா? அண்ணி, சக்கரவர்த்தி அண்ணன் நெஜமாவே பாகிஸ்தானுக்கா சேதி அனுப்பச் சொல்றாரு?

— நீயே கேளு பலராமா. பொண்டாட்டி சொன்னா ஏறல, பக்கத்து வூட்டுக்காரன் சொன்னாலாவது ஏறுதான்னு பாப்போம். நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. சுகருக்கு மாத்திரை போடுற மனுஷன்.

— கனகலதா, அவன பயமுறுத்தாத. ஒரே ஒரு வரிதான் பலராமா. அந்த பவுலருக்கு.

— எந்த பவுலருண்ணா?

— ஞாயித்துக்கிழம நீ தெருவுல திரை கட்டி மேட்ச் போட்டியே, அதுல ஓடி வந்து கணுக்கால் மடங்கி விழுந்தானே, அவன். ஸ்ட்ரெச்சர்ல வெச்சி தூக்கிட்டுப் போனாங்க. நான் கை தட்டினேன்.

— அட, தெருவே தட்டுச்சிண்ணா!

— மொதல்ல தட்டினது நான். அதுக்கப்புறம்தான் தெரு தட்டுச்சி. சின்னப் பசங்கல்லாம் தட்டுச்சி.

— எங்க ஜைனருங்களுக்கு இன்னிக்கி மன்னிப்பு கேக்குற நாளு பலராமா. பத்து நாள் பர்வப் பண்டிகை முடிஞ்சி நேத்து உபவாசம். இன்னிக்கி காலையில சாப்பிட்டிருக்கணும். யாரயெல்லாம் நோவடிச்சமோ அத்தினி பேருகிட்டயும் மன்னிப்பு கேக்கணும். எல்லாருந்தான் கேக்குறோம். இவரு கடைக்குக் கடை போயி தராசுக்கு முத்திரை போட்டு ரிட்டையர் ஆன ஆளு. ஒரு கிராம் கம்மின்னாலும் வுட மாட்டாரு.

— பால்காரர்கிட்ட கேட்டாச்சி. அயர்ன்கார அருணாதேவிகிட்ட கேட்டாச்சி. உங்கிட்டயும் கேட்டேன்.

— எங்கிட்ட எதுக்கு கேட்டீங்கன்னே இன்னும் வெளங்கலண்ணா.

— உன் பைக் ஹாரன மனசுக்குள்ள ஜாஸ்தி திட்டிட்டேன்.

— வாசல்ல போற எறும்புகிட்ட கூட கேட்டாரு. அது மன்னிச்சிட்டு சக்கரையத் தூக்கினு போயிருச்சி.

— பாக்கி ஒரே ஆளு. அவன்கிட்ட கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்கும்.

— அவன் நம்ம எதிரிண்ணா!

— எதிரின்னா கணுக்கால் வலிக்காதா?

— ஆகஸ்ட் பதினஞ்சுக்கு இந்தத் தெருவுல கொடி ஏத்துறவன் நானு. நான் போயி அவனுக்கு... சரி, ஒண்ணு பண்ணலாம். நான்தான் அந்த பவுலருன்னு வெச்சிக்குங்க. கேளுங்க எங்கிட்ட. "மன்னிச்சிட்டேன் சார், போயி சாப்புடுங்க."

— உனக்கு எந்தக் காலுடா மடங்குச்சி?

— வெளையாடாதீங்க ரெண்டு பேரும். சூரியன் எறங்கிட்டா இவரு வாயில எதையும் வெக்க மாட்டாரு. அப்புறம் நாளைக்கிக் காலையிலதான். அதோ பாரு, மலைக்குப் பின்னால போயிருச்சி.

— மலை மறைச்சா அஸ்தமனம் ஆயிடாது கனகலதா. ஆறு பத்துக்குத்தான் கணக்கு. நம்ம ஊரு வேங்கிக்காலுக்கு ஒரு சூரியன், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு சூரியனா?

— இந்த வாய்க்கு மட்டும் பசிக்கல. பலராமா, மணி அஞ்சே முக்கால். உன் போன எடு.

— எம் போனா? எம் பேருல போவும் அண்ணி!

— எங்க போன்ல பேசத்தான் முடியும். பொண்ணு த்ரிசலா பெங்களூருல ஏதோ மீட்டிங்ல இருக்கா, எடுக்க மாட்டேங்குறா.

— தலையெழுத்து. சொல்லுங்கண்ணா, இன்னான்னு போடறது?

— "தம்பி, நீங்க விழுந்தப்போ நான் கை தட்டினேன். தப்பு. மன்னிச்சிடுங்க. கால் இப்ப எப்படி இருக்கு?" தமிழ்லயே போடு. போனே மாத்திக் காட்டும்னு நீதானே சொல்லுவ.

— போட்டாச்சி. அவன் போட்டோவுக்குக் கீழ ஊருப்பட்ட திட்டு, அதுக்கு நடுவுல நம்மளுது. போதுமா? எழுந்து கை கழுவுங்க.

— அவன் பாக்காட்டியும் யாராவது பாத்தாங்களான்னு தெரியணும் இல்ல?

— ஐயோ, நல்லாவே பாத்துட்டாங்கண்ணா! "துரோகி"ங்கறான் ஒருத்தன். "பொட்டியக் கட்டிக்கினு அங்கயே போ"ங்கறான் ஒருத்தன். இது யாரு... நம்ம பிரகாஷு! நான் கட்டுன திரையில ஓசியில மேட்ச் பாத்தவன்! கொடி ஏத்துற என்னப் போயி... எம் மானமே கப்பலேறுதுண்ணா.

— அழிச்சிடு பலராமா. என்னால உனக்கு எதுக்கு வம்பு? நாளைக்கி நான் வேற வழி பாத்துக்கறேன்.

— நாளைக்கா? அதுக்குள்ள நீங்க மயக்கம் போட்டு வுழுந்தா, அப்ப யாருங்க கை தட்டுறது?

— இருங்க அண்ணி, இருங்க. ஒரு பொம்பள பதில் போட்டிருக்கு. லாகூராம்.

— படி.

— "ஐயா, போன வருசம் உங்க கீப்பருக்கு வெரல் ஒடஞ்சப்போ எங்க வூடே எழுந்து ஆடுச்சி. எம் புள்ளைங்களுக்கு மிட்டாய் வேற குடுத்தேன். நீங்க எழுதினதப் படிச்சதும் வெக்கமா இருக்கு. எங்கள மன்னிப்பீங்களா?"

— அம்மாடி! அங்கயும் இவர மாதிரி ஒண்ணு இருக்கு பாரேன் பலராமா.

— மன்னிச்சிட்டோம்னு சொல்லுடா பலராமா.

— நான் எதுக்குண்ணா சொல்லணும்? மிட்டாய் குடுத்திருக்காங்க! அன்னிக்கி ராத்திரி நான் அழுதேன், தெரியுமா?

— உன் பேரப் பாத்து உன்னத்தான் கேட்டிருக்காங்க. கேட்டவங்கள வாசல்லயே நிக்க வெச்சிட்டு நான் எப்படி தட்டுல கை வெக்கிறது?

— ஆறு அடிச்சிருச்சி. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன் பலராமா.

— கைய எறக்குங்க அண்ணி. இன்னா நீங்க... எழுதறேன்.

— ஒரே வார்த்தைதானே? எதுக்குடா இவ்ளோ நேரம்?

— அந்த வார்த்தைய போடலண்ணா.

— பின்ன?

— "அம்மா, உங்கள மன்னிக்க எனக்கு யோக்கியத இல்ல. எங்க தெருவுல மொதல்ல கை தட்டினது முன்னால குந்தியிருந்த அண்ணன் இல்ல, அவருக்குப் பின்னால நின்ன நான்"னு போட்டிருக்கேன்.