மூன்று முறை முறிந்த ஒரு கை

எலும்பைப் படம் பிடித்துப் படித்துவிடுவார், ஆனால் தம் கையெழுத்தை எவரையும் படிக்கவிடமாட்டார் என்று பெயரெடுத்து, இந்த அவையின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் எலும்பு மருத்துவர் அவர்களே! சிரிக்கிறார், நல்லது, அந்தச் சிரிப்பு பின்னால் எனக்குத் தேவைப்படும். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! சன்னலே இல்லாத பதிவுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் என்னோடு தாள் புரட்டித் தும்மிய தோழியரே, தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆவணங்களின் அருமையைப் பேசச் சொன்னார்கள். அருமையைப் பேச அடுத்து இருவர் காத்திருக்கிறார்கள். நான் ஒரு தவற்றைப் பேச வந்தேன். யாருடைய தவறு என்று பின்வரிசையில் கிசுகிசுக்க வேண்டாம். என்னுடையதுதான்.

சிறுபிள்ளையின் எலும்பு நம் எலும்பைப் போலப் பட்டென்று முறிவதில்லை. கையூன்றி விழுந்தால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு பக்கம் நெளிந்து புடைத்துக்கொள்ளும். தகரக் குவளையை மேலிருந்து அழுத்தினால் பக்கம் நெளியுமே, அப்படி. புடைப்பு முறிவு என்போம். கழற்றி மாட்டும் பட்டை ஒன்று, மூன்று வாரம் பொறுமை, அவ்வளவுதான். எலும்புக்கு அது எளிது. எழுதுகிறவருக்கு எளிதா? எந்தக் கை என்று எழுத வேண்டும். எந்த எலும்பு என்று எழுத வேண்டும். எப்படி விழுந்தது என்று எழுத வேண்டும். புதிய காயமா, ஆறிவரும் காயத்துக்கான மறுவருகையா என்றும் எழுத வேண்டும். மருத்துவர் எழுதியதைக் கணினி அறியும் குறியீடாக மாற்றுவது என் பிழைப்பு. அந்தக் குறியீட்டின் கடைசி இடம் சொல்வது இந்த ஒன்றைத்தான்: புதிதா, பழையதா.

குறிப்பில் தெளிவில்லையென்றால் நாங்கள் ஊகிக்கக் கூடாது. மஞ்சள் சீட்டில் கேள்வி எழுதி மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர்கள் அதற்கு மஞ்சள் காய்ச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலைவர் அவர்களின் மேசையில் அந்தக் காய்ச்சல் பல நாள் தணியாமல் கிடப்பதுண்டு.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அலமாரியின் உச்சியில் இருந்த வண்ணப்பெட்டியை எடுக்க நாற்காலி மேல் ஏறினாள், நாற்காலி நகர்ந்தது, விழுந்தாள். தையற்கூடத்தில் வேலை பார்க்கும் தாய் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வலது கை, புடைப்பு முறிவு, நாற்காலியிலிருந்து விழுந்தது என்று வரி வரியாக எழுதியிருந்தார். ஒன்பதாம் நாள் பட்டையோடு குளித்துவிட்டு வந்தாள், பட்டையை மாற்றினார்கள். இருபத்திரண்டாம் நாள் ஆறிவிட்டதா என்று பார்க்க வந்தாள். இந்த இரண்டு வருகைக்கும் தலைவர் அவர்கள் எழுதியது ஒரே வரி: முன்கை எலும்பு முறிவு. எந்தக் கை? இல்லை. பழையதா? இல்லை. நான் மஞ்சள் சீட்டு அனுப்பினேனா? அதுவும் இல்லை. எப்படியும் பதில் வராது என்று அலுத்துப்போய், இரண்டையும் புதிய முறிவு என்றே பதிந்தேன்.

ஒரு கை, ஒரு விழுகை. என் விரல் பட்டதும் அது ஒரே மாதத்தில் மூன்று முறிவானது. பத்து வயதுக்குக் கீழே மாதத்தில் மூன்று முறிவு என்றால், எங்கள் கணினி யாரையும் கேட்காது. குழந்தைகள் நல அலுவலருக்குத் தானே கடிதம் அனுப்பிவிடும்.

மறுநாள் அலுவலர் எங்கள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார்; தாய் ஓர் அறையில், பிள்ளை ஓர் அறையில். அம்மா கோபப்படுவார்களா என்று பிள்ளையைக் கேட்டார்கள். பட்டையை நனைத்ததற்குத் திட்டினார்கள் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை; அவர் முன்னால் இருந்த தாள் மூன்று முறிவு என்றது. அன்று மாலை பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போவாள் என்பதே கேள்வியாகிவிட்டது.

மூன்று கோப்புகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். நடையிலேயே பிரித்துப் படித்தேன். மூன்றும் ஒரே முறிவு என்று அப்போதுதான் கண்டேன். மஞ்சள் சீட்டை எழுதி, அனுப்பாமல், நானே எடுத்துக்கொண்டு மாவுக்கட்டு அறைக்கு ஓடினேன். நம் தலைவர் நிமிர்ந்து, "என்னம்மா, காய்ச்சல் நடந்தே வந்துடுச்சா?" என்றார். சீட்டை வாங்கிப் படித்தார். மூன்று படங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே புடைப்பு, வரவர ஆறியிருந்தது. எழுதிக் கையெழுத்திட்டார், அன்றைக்கு மட்டும் கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

பதிவேட்டில் எதையும் அழிப்பது வழக்கமில்லை. தவற்றின் மேல் ஒரு கோடு, அருகே திருத்தம், திருத்தியவர் பெயர், நேரம். அப்படியே செய்து, தாய் இருந்த அறைக்குப் போய், தவறு என்னுடையது என்று அலுவலரிடம் சொன்னேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "அக்கா, என் பொண்ண இப்ப கூட்டிட்டுப் போலாமா?" என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றார் அலுவலர். அவையோரே, வெட்கம் என்றால் என்ன என்று அந்த ஒரு கேள்வியில் அறிந்தேன்.

கதை முடிந்தது என்று கை தட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு வாரம் கழித்து அவர்கள் கடைசியாக ஒருமுறை வந்தார்கள். பதிவு மேசையில் இருந்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதற்குள் அந்தச் சிறுமி கையை நீட்டி, ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "வலது கை. பழைய அடிதான். ஒரு தடவைதான் விழுந்தேன். அம்மா அடிக்கல."

மேசையில் இருந்தவர் சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. தவற்றின் மேல் கோடு போட்டுக் கோப்பைத் திருத்திவிட்டேன். இதை எந்தக் கோட்டால் திருத்துவேன்? நாம் எழுத வேண்டியதை, நாம் கேட்க வேண்டியதை, ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

தலைவர் அவர்களே, இனி எந்தக் கை என்று எழுதுங்கள். தோழியரே, பதில் வராவிட்டாலும் சீட்டை அனுப்புங்கள். அதற்கும் வராவிட்டால் நடந்து போய்க் கேளுங்கள். குறுக்கிடாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. வலது கை ஒன்று, இடது கை ஒன்று, இரண்டையும் குறிப்பிட்டே கூப்புகிறேன். வணக்கம்.