வரேன்னு சொன்ன கரை

முதலில் அந்த போன்களைக் கீழே வையுங்கள். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்கப் போகிறீர்களாம். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் நூறு படம். போங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இடம் பார்க்கப் போகிறவன் இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் ஆபீஸ் சுமதியின் பெரியம்மா மகன் அறிவரசனுக்கு நடந்தது இது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்... ம்.

புதன்கிழமை. மாலை ஆறரை மணி. அரியலூருக்கு மேற்கே, சிமெண்ட் லாரிகள்கூட இப்போது போகாத ஒரு பழைய மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அறிவரசன் தனியாக வேன் ஓட்டிப் போகிறான்.

வேன் என்றால் சும்மா வேன் இல்லை. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஆறு மாதமாக இழைத்து இழைத்துச் செய்திருந்தான். "அப்பா, நெசமாவே வேன்லயே தூங்குவோமா?" என்று ஒன்பது வயது மகள் மணிமொழி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள். மனைவி சுகன்யாவும் கொசுவலை, போர்வை, டார்ச் லைட் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தாள். சனிக்கிழமைதான் முதல் பயணம். தூரமாகப் போக லீவு கிடையாது. பக்கத்திலேயே ஒரு ஏரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இடம் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

அதுவும் ஏரி இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்தபின் விட்டுப்போன பள்ளம். பத்துப் பன்னிரண்டு வருஷத்து மழைத்தண்ணீர். சுற்றிலும் வெள்ளைப் பாறை, நடுவே பச்சைத் தண்ணீர்... ஒரு தவளைச் சத்தம் இல்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. இடம் அத்தனை அழகாக இருந்தது. கூடாரத்துக்கு எட்டடி, வேனுக்குப் பதினைந்தடி என்று காலால் அளந்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அடுப்பை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றான்.

"சோத்துக்கு ஒண்ணும் கொண்டாற வேணாம் தம்பி."

திடுக்கிட்டுத் திரும்பினான். தண்ணீர் ஓரம் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, வருகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள் போல என்று நினைத்துக்கொண்டான்.

"எப்ப வரீங்க?"

"சனிக்கிழமைங்கக்கா."

"எத்தினி பேரு?"

"வூட்ல இருக்கற எல்லாருமே வரோம்."

"அப்ப மீன் கொழம்பு வச்சிடறேன்."

"சரிங்கக்கா. போயிட்டு வரேன்" என்றான்.

நம் பக்கத்தில் யார்தான் 'போறேன்' என்று சொல்வார்கள்? நாக்கில் தானாக வருகிற சொல். அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததாம். பிள்ளைப்பேறு ஆகி வீட்டுக்கு வந்தவளைப் பார்க்கிற தாயின் முகம் போல இருந்ததாம். வேனைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தான். கரையில் ஆள் இல்லை.

ரோட்டுமுனையில் ராசாங்கத்தின் டீக்கடை. எப்பேர்ப்பட்ட இடம் பிடித்தேன் பாருங்கள், சமைத்துப் போடக்கூட அங்கே ஒரு அக்கா இருக்கிறார் என்று இவன் பெருமையடிக்க, டீ ஆற்றிக்கொண்டிருந்த ராசாங்கத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

"வரேன்னு வாயால சொன்னீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, ஏன்?"

"சாவு வூட்டுக்குப் போனா, வரேன்னு சொல்லிக்கிட்டா எந்திரிக்கிறோம்? அந்தக் கரை அப்படியாப்பட்ட எடம்."

அந்தப் பள்ளத்து ஓரம் குடிசை போட்டிருந்தவளாம் அவள். சொந்தக்காரர்கள் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்களாம். சோறாக்கி, இலை போட்டு, இரவெல்லாம் காத்திருந்திருக்கிறாள். ஒருத்தரும் வரவில்லை. மழை கொட்டி, கரை சரிந்து, குடிசையோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் அங்கே வரேன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொன்னபடி போனார், திரும்பவில்லை. இன்னொருவர் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டார். வாளித் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தார். வாளியில் ஒரு சாண் தண்ணீர்தான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நம் ஆள் படித்தவன், சிரித்தான். வீட்டுப் படியில் கால் வைத்ததும் மகள் ஓடி வந்தாள்; 'எல்லாருமே வரோம்' என்று சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்பு செத்துவிட்டது. பயணம் கிடையாது என்றான். காரணம் சொல்லவில்லை. குழந்தை அழுது அழுது சாப்பிடாமலே தூங்கினாள்.

வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. வெள்ளி இரவு... சொட்... சொட்... சொட்... குளியலறைக் குழாய். இறுக்கி மூடினான். மறுபடியும் சொட்... பொழுது விடிந்ததும் மேல்தொட்டியைக் காலி செய்தான். வாளி, குடம், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தான்; குடிக்க, சமைக்க ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். "உங்களுக்கு என்னங்க புடிச்சிருக்கு?" என்று சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் மகளின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பெற்றவர்களைக் கேளுங்கள், அந்தப் பயம் என்ன பயம் என்று தெரியும்.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. ஒரு நிமிஷம் கண் அசந்தான். மணிமொழியைக் காணோம்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோளில் துணிப் பை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் குளிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"சோறு ஆறுதாம்ப்பா. எல்லாரையும் வரச் சொல்றாங்க."

"யாரு பாப்பா?"

குழந்தை தெருவின் இருட்டைக் காட்டினாள்.

வாரித் தூக்கி உள்ளே விட்டான். கதவை வெளியே பூட்டினான். வேனை எடுத்தான். எந்தச் சாமியைக் கூப்பிட்டான், எந்தச் சாமியை விட்டான் என்று அவனுக்கே தெரியாது. மண்பாதையில் திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது. புளியும் மல்லியும் சேர்ந்து கொதிக்கிற மீன் குழம்பு... அதற்கு அடியில், நாள்பட்ட சேறு.

கரையில் ஒரு அரிக்கேன் விளக்கு. அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே வரிசையாக நாலு வாழையிலை. அவளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

காலில் விழுந்தான். கால் ஐஸாக இருந்தது. "அக்கா, தெரியாம சொல்லிட்டேன். எம்பொண்ணு சின்னப் புள்ளக்கா. என்னைய வேணா எடுத்துக்குங்க. அவள விட்டுடுங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்கறேன்." தேம்பித் தேம்பி அழுதான். ஆம்பிளை என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு இலைகளை ஒரு தடவை எண்ணினாள். பிறகு, "யாரு யாரு வரலேன்னு பேரச் சொல்லு" என்றாள்.

"நான் அறிவரசன். நான் வரலைங்கக்கா."

ஒரு இலையை மூடினாள்.

"எம்பொண்டாட்டி சுகன்யா வரல."

இன்னொரு இலை.

"எம்பொண்ணு மணிமொழி... மணிமொழி வரலக்கா."

மூன்றாவது இலையையும் மூடினாள். மெதுவாக, மடிப்புக் கலையாமல்.

"அவ்வளவுதானா தம்பி?"

"அவ்வளவுதாங்கக்கா."

"சரி. போ."

அவன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. ஓடினான். வேனில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மீதி இருந்த இலையில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் பசி என்று நினைத்தானாம்.

வீட்டைத் திறந்தான். மணிமொழி தூங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தடவிப் பார்த்தான். முடி உலர்ந்திருந்தது. அப்படியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சுகன்யா திட்டுவாள் என்று நினைத்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"வேன்ல போறப்ப சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதான் போகவே இல்லியே. நாள் தள்ளிப் போயிருக்குங்க. மெடிக்கல்ல வாங்கிப் பாத்தேன், ரெண்டு கோடு. மணிமொழிக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப் போவுது."

அறிவரசன் விரல்விட்டு எண்ணினான்; அவள் மூடியது மூன்று இலைதான்.

"ஆனா என்னன்னு தெரியலைங்க" என்றாள் அவள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. "இன்னிக்கு நம்ம வூட்ல ரசந்தான வச்சேன்? இப்ப கொஞ்ச நேரமா வாயெல்லாம் மீன் கொழம்பு ருசி."